கீழ் பார்த்த குழாய்

"யாரைக் கேட்டுடா குழாயைத் திருப்பினே?"

புன்செய்க் கொல்லை வரப்பில் நின்று கத்தினார் பண்ணையார் சுப்பராயலு. தேவசகாயம் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான்.

அந்தச் சின்ன டிராக்டரோடு இரண்டு புகைக்குழாய்கள் வந்திருந்தன. ஒன்று எஞ்சினுக்கு மேலே நெட்டுக்குத்தாக நிற்பது. இன்னொன்று வளைந்து வண்டியின் வயிற்றுக்கடியில் ஓடிப் பின்பக்கம் புகையைத் தள்ளுவது. மேல் குழாயை மாட்டித்தான் பண்ணையார் வண்டியை ஓட்டச் சொல்லியிருந்தார். நேற்றிலிருந்து கீழ்க்குழாய் தொங்கியது.

கலப்பைக்குப் பின்னால் உழுத சாலில் மல்லாட்டை விதையை, நிலக்கடலைப் பருப்பை, போட்டுக்கொண்டு வந்த பெண்கள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள்.

"நீங்களே பாருங்க ஆண்டே," என்றாள் சின்னபொண்ணு. "கண்ணைத் தொறக்க முடியல. சாலு எங்க கீது, வெதை எங்க வுழுவுதுன்னே தெரியல."

"பாதி வெதை சாலுக்கு வெளியிலதான் கெடக்குது. சொல்லுடா, ஏன் திருப்பினே?"

"மேல இருந்தா பொகை என் மூஞ்சியில அடிக்குதுங்க."

"ஐயோ பாவம்! பட்டாளத்து லாரி ஓட்டின மூஞ்சியாச்சே, கறுத்துடப் போவுது!" என்றாள் சின்னபொண்ணு. எல்லோரும் சிரித்தார்கள்.

அவன் மனைவி பொன்னி சிரிக்கவில்லை. அவளும் விதைக்கூடையோடு புகைக்குள்தான் நின்றிருந்தாள்.

"மேல ஏறி ஒக்காந்துட்டா பின்னால நடக்கிறவங்க மனுசங்களாத் தெரிய மாட்டாங்களா? ஒன்னக் கட்டிக்கினேன்னு சொல்லிக்கவே வெக்கமா கீதுய்யா."

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாளைக்குக் காலையில மேல் குழாய் மாட்டியிருக்கணும்," என்றார் பண்ணையார். "இல்லன்னா நீ ஸ்டீரிங்கைத் தொட வேணாம். வேற ஆளு பாத்துக்கிறேன்."

அந்த வேலைக்காகத்தான் அவன் இவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றான். உலகச் சண்டை முடிந்து அஸ்ஸாமிலிருந்து திரும்பியபின், கூலிக்கு மண்வெட்டி பிடிக்காமல் அவனுக்குக் கிடைத்த ஒரே வேலை அது. ஆனால் மேல் குழாயை மாட்டிவிட்டு அவனால் தூங்க முடியாது.

"ஆண்டே, மேல் குழாயில நெருப்புப் பொறி பறக்குதுங்க. முந்தாநாள் எங்க சந்துல வரும்போது ஒரு கூரை ஓரத்துல வுழுந்து பத்திக்கிச்சு. குதிச்சுப் போயி கையாலயே அமுக்கினேன்."

"யாரு கூரை?"

"இதோ, இவ கூரைதான். உள்ள தூளியில கொழந்த தூங்கிக்கினு இருந்துச்சு."

சின்னபொண்ணின் கையிலிருந்த கூடை நழுவியது.

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொன்னா ஊர்த் தெரு வழியா ஓட்டிக்கினு வர்ற ஆளாப் பாத்து வெச்சிக்குவீங்களேன்னு பயந்துட்டேங்க."

ஊர்த் தெருவில் எல்லாம் ஓட்டு வீடுகள். பொறி விழுந்தாலும் கவலையில்லை. கொல்லைக்கு நேர்வழியும் அதுதான். ஆனால் அந்தத் தெருவில் சேரிக்காரன் வண்டிமேல் உட்கார்ந்து போவது வழக்கமில்லை. டிராக்டரை ராத்திரியில் கொல்லையில் விட்டுவைக்கவும் பண்ணையாருக்கு மனமில்லை. அதனால் அது தினமும் பண்ணை வீட்டின் பின்வாசலில் இறங்கி, இரண்டு பக்கமும் கூரைகள் உரச, சேரிச் சந்துக்குள் புகுந்துதான் வந்தது.

பண்ணையார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். போன மாதம்தான் திண்டிவனத்தில், கோயில் கதவை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று பேசிக் கைதட்டல் வாங்கியவர் அவர்.

"குழாயை மேலயே மாட்டு," என்றார். "நாளையிலேர்ந்து டிராக்டரு எங்க தெரு வழியா போகட்டும். எவன் கேக்கிறான்னு நான் பாத்துக்கிறேன்."

சின்னபொண்ணு ஓடி வந்து வரப்பிலேயே விழுந்து அவரைக் கும்பிட்டாள்.

பொன்னி கணவனின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினாள். தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்றாள்.

அன்று சாயங்காலமே தேவசகாயம் குழாயை மாற்றிவிட்டான். மறுநாள் காலையில், பெட்டியில் மடித்து வைத்திருந்த பட்டாளத்துக் காக்கிச் சட்டையைப் பொன்னி எடுத்துக் கொடுத்தாள். முதலில் கொல்லைக்குப் போய்விடும் பெண்கள் அன்று போகவில்லை. அவன் வருவதைப் பார்க்க ஊர்த் தெருக்கோடியில் கூடி நின்றார்கள். சின்னபொண்ணு குழந்தையையும் இடுப்பில் தூக்கி வந்திருந்தாள்.

தேவசகாயம் பின்வாசல் வழியாகப் பண்ணை வீட்டுக்குள் போனான். டிராக்டர் தெருவைப் பார்த்து முன்வாசலில் நின்றது. அதன் முன்னால் இரண்டு ஜோடி மாடுகளைக் கயிறு போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி பண்ணையின் வண்டிக்காரன் தாண்டவராயன் உட்கார்ந்திருந்தான். ஊர்த் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"இவனுக்கு எஞ்சினு ஓட்டத் தெரியாது, அதைக் கெளப்பவும் வேணாம்," என்றார் பண்ணையார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "மாடு இழுத்துக்கினு போயிடும். உங்க கூரைக்கும் பயமில்ல. ஊர்லயும் யாரும் மூச்சு விடல. எப்படி, நல்லபடியா முடிச்சேனா?"

தேவசகாயம் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா நிக்கிறே? நீ சந்து வழியா ஜல்தியா நடந்து போ. கொல்லையில வந்து ஏறிக்க."