உள்ளே விட்ட துணி

முதல் வளைவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியபடி, தையல்காரர் படியேறிப் போகிறவர்களையெல்லாம் இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைச்சரிவில் வெட்டிய பூங்கா. உச்சிவரை முந்நூற்றுப் பத்துப் படி. தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையல்காரர் நாற்பதாவது படியிலேயே டாக்டரை மன்னித்துவிட்டார்.

வீட்டுப் பக்கத்திலேயே சமதரையில் ஒரு பூங்கா இருக்கிறது. இல்லை, மலைப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று மனைவி ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

கால் ஓய்ந்தாலும் கண் ஓயவில்லை. முப்பத்தைந்து வருடத் தொழில். ஆளைப் பார்த்ததுமே அளவு வந்துவிடும். டேப் பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அதோ போகிறாரே வங்கி மேனேஜர், அவருக்கு இடுப்பு நாற்பது. போட்டிருப்பது முப்பத்தாறு. அந்தப் பொத்தானுக்கு மட்டும் வாய் இருந்தால் போலீஸுக்குப் போயிருக்கும்.

அவருக்குப் பின்னால் ஒரு ஷூக்காரர். ஷூ நன்றாகத் தேய்ந்திருக்கிறது, ஆள் தேயவில்லை. கீழே இறங்கியதும் நேராக பேக்கரிக்குள் நுழைந்தால் எப்படித் தேய்வார்?

ஓரமாக, தரையில் நட்டுவைத்த சைக்கிளை ஒருவர் வெறிகொண்டு மிதித்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். தையல்காரரும் மெஷினை இத்தனை வருடம் மிதித்திருக்கிறார். அவரும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஆனால் சட்டையாவது வந்தது.

புல்தரையில் சிரிப்புக் குழு. பதினைந்து பேர் வட்டமாக நின்று கையைத் தூக்கி, காரணமே இல்லாமல் ஹா ஹா என்றார்கள். வீட்டில் சிரித்துத் தொலைத்திருந்தால் இங்கே வந்து கத்த வேண்டாமே என்று முணுமுணுத்தார் தையல்காரர். அவர் வீட்டிலும் சிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் மேலேயிருந்து மச்சான் இறங்கி வந்தார்.

மனைவியின் அண்ணன். ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது.

காரணம் ரொம்பச் சின்னது என்பார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன? வீட்டிலேயே ஒரு தையல்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்க, சொந்த மகள் கல்யாணத்துக்கு மச்சான் கடைக்குப் போய் ரெடிமேட் கோட்டு வாங்கி மாட்டிக்கொண்டு நின்றார். அதுவும் தோளில் ஒரு இன்ச் தொங்கியது. அன்றைக்குச் சாப்பிடாமல் கிளம்பி வந்தவர்தான் தையல்காரர்.

இறங்கி வந்த மச்சானை வங்கி மேனேஜர் பாதி வழியில் மடக்கினார்.

"எப்படி சார் இப்படி இளைச்சீங்க? பத்து வயசு குறைஞ்சிருச்சே உங்களுக்கு!"

மச்சான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாம் நடைதான் சார்."

நடையாம் நடை. தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருமுனைக்குக் கூட வண்டியில் போன ஆள். இப்போது இளைத்துக் காட்டிப் பீற்றிக்கொள்கிறார். பேண்டைப் பார், தொளதொள என்று. அது அவிழாமல் இருக்க பெல்ட்டில் புதிதாக ஓட்டை வேறு, ஆணியால் குத்தி, கோணலாக. நல்ல பேண்டை இப்படியா பாழாக்குவது?

நல்ல பேண்ட்தான். பாக்கெட் ஓரத்தில் நெருக்கமாக இரட்டைத் தையல்.

தையல்காரரின் கை அது. கல்யாணத்துக்கு முந்தின வருடம் தைத்துக் கொடுத்தது. இடுப்பு முப்பத்தெட்டு.

கண் தன்பாட்டுக்கு அளந்துகொண்டே போனது. இப்போது இடுப்பு முப்பது. சரி, நடந்தால் இடுப்பு குறையும். ஆனால் காலருக்குள் மூன்று விரல் விடலாம் போலிருந்தது. தோள் தையல் பாதிக் கைக்கு இறங்கிக் கிடந்தது. கைப்பட்டிக்குள் மணிக்கட்டு தனியாக ஆடியது.

நடந்தால் மணிக்கட்டு இப்படிக் குறையாது. எத்தனை மலை ஏறினாலும் குறையாது.

மனைவி எதற்காக இந்தப் பூங்காவுக்கே விரட்டினாள் என்பது அப்போதுதான் உறைத்தது. நேரில் சொல்லியிருக்கலாம். அண்ணன் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்துகிறவரிடம் எப்படிச் சொல்வாள்?

மச்சான் மெதுவாக வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். பெஞ்ச் அசையக்கூட இல்லை.

இருவரும் கீழே தெரிந்த நகரத்தைப் பார்த்தார்கள். சிரிப்புக் குழு இன்னொரு முறை சிரித்து முடித்தது.

"மாப்பிள்ளை, இந்தப் பேண்டைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுக்கிறீங்களா?" என்றார் மச்சான், முழங்காலைப் பார்த்தபடி. "மிச்சத் துணியை வெட்டிருங்க. இனிமே பிரிக்கிற வேலை இருக்காது."

ஒன்பது வருடக் கோபமும் தையல்காரருக்கு ஒரே மூச்சில் வாய்க்கு வந்தது.

"வெட்டுறதா? பெருத்தா பிரிச்சுக்கலாம்னுதானே பின்தையல்ல ரெண்டு இன்ச் விட்டுத் தைச்சேன்! பிடிக்கிறதும் அதோட சேர்ந்து உள்ளேயே கிடக்கட்டும். நாளைக்குத் தின்னு கொழுத்து வந்து நிப்பீங்க, அப்போ துணிக்கு நான் எங்கே போறது? வெட்டி வீச இது என்ன ரெடிமேடா மச்சான்?"

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவினார். அளவு ஏற்கெனவே தெரியும். இருந்தும் மச்சானை எழுப்பி நிறுத்தி, நடக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, இடுப்பைச் சுற்றிப் போட்டார்.

டேப் முப்பது காட்டியது.

"முப்பத்திநாலு," என்றார் தையல்காரர்.