துருசடியில் பூத்த செடி

"வலையைக் காய வைச்சனீங்களோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

சிவதர்சினி கேட்டதும் நாவலடிக் குளத்து நன்னீர் மீன்பிடிச் சங்கக் கட்டடத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது.

"காய வைச்சனான் மிஸ்," என்றார் ஹலீம்.

"ஆர் பாத்தது?"

"வலை காயிறதை ஆர் மிஸ் நிண்டு பாக்கிறது?"

பின்வரிசையில் சிரித்தார்கள். சிவதர்சினி சிரிக்கவில்லை. குளங்களை மூடும் ஆகாயத்தாமரையை ஒழிக்க அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின் மாவட்ட இணைப்பாளர் அவள். செடி நுழையாத குளம் என்று கொழும்புக்குச் சொல்லிப் பெருமைப்பட அவளுக்கு மிச்சமிருந்தவற்றில் நாவலடியும் ஒன்று. இப்போது அங்கேயும், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில், ஊதாப் பூப் பூத்து நிற்கிறது.

சட்டம் அவள் கொண்டுவந்ததுதான். ஒரு குளத்தில் இறங்கிய வலை, வெயிலில் நன்றாகக் காயாமல் இன்னொரு குளத்தில் இறங்கக்கூடாது. ஈர வலையில் சின்னத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும். மீறியவர் ஒரு வருசத்துக்குக் குளத்தில் இறங்க முடியாது.

ஹலீம் போன மாதம் வவுனியாப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனவர். மச்சானோடு சேர்ந்து அங்குள்ள குளத்தில் வலை விரித்துவிட்டு வந்தவர். அந்தக் குளம் முழுக்கச் செடி என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஹலீம் நானாவின்ர வலை பஸ்ஸில ஏறி ஊரெல்லாம் சுத்துது. எங்கட வலை இன்னும் பக்கத்தில இருக்கிற முறிகண்டியே காணேல்லை," என்றான் பின்வரிசையில் இருந்த இளம் மீனவன் ரஜிதன்.

"சும்மா இரும் தம்பி," என்றார் சங்கத் தலைவர் சிவராசா. சிரிப்பை அவராலும் அடக்க முடியவில்லை.

"வெளியில இருந்து வாறதுகளாலதான் தலைவர் எங்களுக்கு எப்பவும் பிரச்சினை." ரஜிதன் கொஞ்சம் நிறுத்தினான். "செடியைச் சொல்லுறன்."

இந்த முறை சிரிப்புக் கூடிற்று. ஹலீம் பிறந்தது இந்த ஊரில்தான். முஸ்லிம்களை ஊரைவிட்டுத் துரத்திய காலத்தில் போய், புத்தளத்தில் அகதியாகக் கிடந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். அவர் ஊரில் இல்லாத காலத்தில்தான் ரஜிதன் பிறந்தான். சிவதர்சினிக்கு அது தெரியும். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள்.

"ஹலீம் நானா, உங்கட வலையில வரேல்லை எண்டால் வேற எப்பிடி வந்தது? தெரிஞ்சால் சொல்லுங்கோ."

ஹலீம் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரியாது மிஸ்."

"பேந்தென்ன, முடிஞ்சுது," என்றான் ரஜிதன்.

ஹலீமுக்கு ஒரு வருசத் தடை போடச் சம்மதமானவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார் சிவராசா. எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்தக் கைகளுக்கு வயலும் இருந்தது, குளமும் இருந்தது. ஹலீமுக்குக் குளம் மட்டும்தான்.

சிவதர்சினி எழுந்து நாலு வார்த்தை பேசினாள். "இது ஆளைப் பாத்துப் போட்ட சட்டம் இல்லை. நாளைக்கு நானே பிழை விட்டாலும் இதுதான்."

கைதட்டினார்கள்.

ஹலீம் ஒன்றைத்தான் கேட்டார். "மாரிக்கு முன்னம் அதைப் பிடுங்கிப் போடுங்கோ மிஸ். துருசு திறந்தால் வாய்க்காலால வயலுக்கெல்லாம் போயிடும்."

"அது எங்கட வேலை," என்றாள்.

கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்தார்கள். ஹலீம் தன் தோணியைத் தனியாகக் கரைக்கு இழுத்துக்கொண்டிருப்பது யன்னலால் தெரிந்தது. சிவதர்சினிக்கு மனம் கேட்கவில்லை. இறங்கிப் போனாள்.

"கோவமோ நானா? உங்களுக்காக நீங்கள் ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம். ஆரிலயாவது சந்தேகம் எண்டால் இப்பவாவது சொல்லுங்கோ. நான் திரும்பக் கூட்டம் போடுறன்."

"சந்தேகம் இல்லை மிஸ். கண்டனான்."

"ஆரை?"

கயிற்றை மரத்தில் கட்டி முடித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

"யூலை மாசம் இஞ்ச விளக்கக் கூட்டம் வைச்சனீங்கள். எங்களுக்குக் காட்டவெண்டு பிளாஸ்டிக் பேசினில தண்ணி விட்டு அந்தச் செடியைக் கொண்டு வந்தனீங்கள். முடிய, செடியைப் பையில கட்டி ஜீப்பில ஏத்தினீங்கள். துணுக்காயில அடுத்த கூட்டம் எண்டு அவசரம். மிச்சத் தண்ணியை உங்கட கையாலதான் துருசடியில ஊத்தினீங்கள். அதுக்குள்ள குஞ்சுச் செடியள் கிடந்தது."

சிவதர்சினி துருசடிப் பக்கம் பார்த்தாள்.

"நீங்கள் போன பிறகு இறங்கித் தேடினனான். அம்பிட்டதையெல்லாம் பிடுங்கினனான். ரெண்டொண்டு தப்பிட்டுது போல."

"உள்ளுக்கு வைச்சே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னால் நம்ப மாட்டினம். நம்பினாலும், பிறகு உங்கட சொல்லைக் கேட்டு ஒருத்தனும் வலை காய வைக்க மாட்டான். குளம் போயிடும் மிஸ்."

பேசினைக் கவிழ்த்த அந்தப் பின்னேரம் அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள். குளக்கட்டில் யாரும் இல்லை. ஒருவருக்கும் கேட்டிருக்காது.

"ஒரு வருசம்தானே நானா," என்றாள் சிவதர்சினி.