மூன்றாவது சரணம்

பையன் முழங்காலிட்டுவிட்டான்.

உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியைத் தூக்கினார்கள். சூப் ஆறிப்போவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

மேடை என்று சொல்லும்படி அங்கே ஒன்றுமில்லை. மூலையில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை. அதன்மேல் கீபோர்டுக்காரர், கிதார்க்காரன், நடுவில் பாடகி.

பையன் சாயங்காலமே வந்து மேனேஜரிடம் சொல்லிவைத்திருந்தான். மோதிரப் பெட்டியை அவன் வெளியே எடுத்ததும் அந்தப் பாட்டு வேண்டும்.

எந்தப் பாட்டு என்று மேனேஜர் கேட்கவே இல்லை. முழங்காலிடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது அந்த ஒரு பாட்டைத்தான்.

‘வாசல் வந்து நிற்கிறேன், வா என ஒரு சொல் சொல்லடி.’

பாடகி பல்லவியை எடுத்தாள்.

அந்தப் பாட்டுக்கு ஆயுசு கெட்டி. முதலில் இசைத்தட்டில் வந்தது. பிறகு ஒருவர் அதை மெதுவாக்கி அழுதுகொண்டே பாடினார். அடுத்தவர் வேகமாக்கி டிரம்ஸைப் போட்டு இடித்தார். லிஃப்டில் புல்லாங்குழலாக வந்தது. காரைப் பின்னால் எடுக்கும்போது பீப்பீப் என்றும் வந்தது. போன வருஷம் யாரோ ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு பாடியதை ஊரே பார்த்தது.

யார் பாடினாலும் இரண்டு சரணம்தான். முதல் சரணத்தில் அவன் கெஞ்சுவான். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் கெஞ்சுவான். அப்புறம் பல்லவி, கைதட்டல். அவள் சம்மதித்துவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

இசைத்தட்டில் மூன்று சரணம் இருந்தது.

நீளம் என்று சொல்லி வானொலிக்காரர்கள் கடைசிச் சரணத்தை வெட்டினார்கள். பின்னால் வந்த பாடகர்கள் எல்லாம் வானொலியில் கேட்டுப் படித்தவர்கள். பாட்டில் பெண் வாயைத் திறப்பதே அந்த மூன்றாவது சரணத்தில்தான். அது யாருக்கும் உறுத்தவில்லை.

பாடகிக்கே போன மாதம்தான் தெரியும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கைபேசியில் பழைய பாட்டுகளை ஓடவிட்டிருந்தாள். யாரோ ஒரு புண்ணியவான் இதை முழுசாக ஏற்றிவைத்திருந்தார்.

கேட்டு முடித்தவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடி போட்டுக் கேட்டாள். அன்றைக்கு வீட்டில் சாப்பாடு ஆக வெகுநேரமாயிற்று.

இப்போது முதல் சரணம் முடிந்தது.

பையனுக்கு எதிரே நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. சிரிப்பு மாதிரி ஒன்றை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மேசைக்கு அடியில் இருந்தன. சரியென்று சொல்லம்மா என்று பக்கத்து மேசை அம்மாள் தன் சொந்த மகளிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

பெண் கதவைப் பார்த்தாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை கைபேசிகள்.

இரண்டாவது சரணம் முடிந்தது.

கீபோர்டுக்காரர் முஷ்டியை மடக்கிக் காட்டினார். அந்தக் குழுவில் அதுதான் சட்டம். முஷ்டி மடங்கினால் அடுத்த பல்லவியோடு கடையைக் கட்டிவிட வேண்டும்.

பாடகி பார்த்தாள். பார்த்துவிட்டு அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

‘நிற்கச் சொல்லி நான் கேட்டதில்லை.’

கீபோர்டு நின்றுபோயிற்று. அந்தச் சரணம் அவருக்குத் தெரியாது. கிதார்க்காரன் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, துணிந்து அவள் குரலுக்குப் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனான்.

‘கதவு எனது, சாவியும் எனது. வந்த வழியே போய்விடு, வாசலைப் பெருக்க வேண்டும்.’

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கைபேசிகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாட்டில் இப்படி ஒரு பதில் இருக்கிறதா என்று ஒரு மேசையில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாடகி வேறு யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் பார்த்து, அந்த வரியை இன்னொரு தரம் பாடினாள். நிறுத்தி நிதானமாக, இந்தா பிடித்துக்கொள் என்பதுபோல.

பெண்ணின் கைகள் மேசைக்கு மேலே வந்தன.

“எழுந்திருங்க. எனக்கு இதுல இஷ்டம் இல்ல.”

 சொல்லியேவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். படம் பிடிக்க எழுந்து நின்றவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள்.

பையன் நல்ல பையன்தான், பாவம். அவனுக்கும் மூன்றாவது சரணத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை.

கல்லாவை விட்டு மேனேஜர் கிளம்பி வந்துகொண்டிருந்தார். பாடகிக்கு நாளையிலிருந்து இங்கே வேலை இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. போனால் போகட்டும் என்று அவள் நின்றாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

கீபோர்டுக்காரர் குனிந்து, மைக்கில் விழாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

இருவருக்கும் வீடு ஒன்றுதான். வண்டியும் ஒன்றுதான். அவர் ஓட்டுவார், கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்து வருவாள்.

கல்லூரி ஆண்டுவிழாவில் அவர் அவள் முன்னால் முழங்காலிட்டபோதும் இதே பாட்டுதான். அரங்கமே எழுந்து கைதட்டியது. இசைக்குழு இரண்டாவது சரணத்தோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் வேறென்ன சொல்வது என்று தெரியாமல்தான் அவள் கையை நீட்டினாள்.

பாடகி மைக்கை இறக்கவில்லை.

“இங்கயே பேசலாங்க,” என்றாள், கடைசி மேசை வரைக்கும் கேட்கும்படி.