மூன்றாவது வயர்

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஓசூர் பாகலூர் சாலையில் உள்ள லூர்தம்மாளின் வீட்டுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து அப்பாவோடு பெண் பார்க்க வந்த டேனி, பெண் கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு, பிளக் பாயின்ட்டின் முன்னே போய்க் குந்தினான்.

தொழிற்சாலை ஒன்றில் மின்பராமரிப்பு வேலை பார்ப்பவன் அவன். சட்டைப்பையிலிருந்து மூன்று விளக்குகள் கொண்ட சோதனை பிளக்கை எடுத்துச் செருகினான். இரண்டு எரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரிந்தது.

“ஆன்ட்டி, இதுல எர்த் வரல. அந்த மூணாவது வயரை மாட்டாம உள்ளயே சுருட்டி விட்டுட்டுப் போயிருக்காங்க.”

 லூர்தம்மாளின் கணவர் இறந்தபோது வயரிங் வேலை அரைகுறையாக நின்றது உண்மைதான். முன்பு வந்த இரண்டு இடத்தாரும் வீடு முடியவில்லையே என்று முகம் சுளித்துவிட்டுத்தான் நழுவினார்கள். இவனோ குறையை விளக்கு வைத்தே தேடுகிறான்.

டேனி விடவில்லை. கூடத்தை முடித்துச் சமையலறைக்குப் போனான். ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா என்று விசாரித்தான். ஈரக் கையோடு தொட்டால் மட்டும் என்று பெண்ணாகிய லிபியா போட்டு உடைத்தாள். லூர்தம்மாள் மகளை முறைத்தாள். அவன் அதற்குள் படுக்கையறை பாயின்ட்டையும் சோதித்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தான்.

லூர்தம்மாளின் பொறுமை போயிற்று. டேனியின் அப்பா சகாயநாதனிடம் திரும்பினாள்.

“ஏங்கண்ணா, உங்க பையன் பொண்ணு பாக்க வந்தாரா, கரண்ட் ஆபீஸ்ல இருந்து வந்தாரா? புடிக்கலன்னா நேராச் சொல்லிடுங்க. பழியை வயர் மேல போட வேணாம்.”

சகாயநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மகனைப் பார்த்தார். லிபியா தலையைக் குனிந்துகொண்டாள்.

டேனி பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டான்.

“அம்மாவைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னு லிபியா போன்லயே சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன். இனிமே குடியிருக்கப் போற வீட்டைச் சரியாப் பாத்துக்க வேணாமா, அத்தை?”

லூர்தம்மாள் அவன் கீழே வைத்திருந்த காபியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். செப்டம்பரில் திருமணம் என்றும், மாப்பிள்ளை இந்த வீட்டிலேயே இருப்பார் என்றும், விட்டுப்போன எர்த் இணைப்புகளை அதற்கு முன்பே அவரே முடித்துவிடுவார் என்றும் முடிவாயிற்று.