காலிங்பெல்லின் கோபம்

பழைய பீரோவை அறுத்து வீடியோ கேம் பெட்டி செய்த எபனேசர், திரையில் ஓடும் பொடியனைக் குதிக்கவைக்கும் பொத்தானாக வாசலில் இருந்த காலிங்பெல் பொத்தானையே பதித்தார். அதற்கு வந்தது பாருங்கள் கோபம்!

"வாசல்ல ஒரு தடவ அழுத்தினா ஆள் வரும். இங்க ஓயாம குத்துறாங்க, ஒருத்தனும் வரல!" என்று உள்ளே போய் இறுகிக்கொண்டது.

எபனேசர் திருப்புளியை எடுத்தார். குடைக் கைப்பிடியில் செய்த ஜாய்ஸ்டிக் பதறியது.

"யோவ் பெல்லு, எழும்புய்யா! பிடுங்கி எறியப் போறார்."

"எறியட்டும்."

"நீ விட்டத்தப் பாத்துக் கிடக்க, திரை உனக்குத் தெரியல. நீ அமுங்கும்போதெல்லாம் அங்க ஒரு பொடியன் குதிச்சுக் குதிச்சு வந்தான். இப்போ பள்ளத்துக்கு முன்னால நிக்கிறான். தாண்டினா ஒரு வீட்டு வாசல்."

"வாசல்ல ஆளா?"

டக்கென்று எழும்பியது பொத்தான்.

"இத முதல்லயே சொல்றதுக்கென்னய்யா? வந்தவன நிக்க வைக்கலாமா! சீக்கிரம் அழுத்தச் சொல்லு."