பதினேழாவது நகல்

பதின்மூன்றாவது நகலை மேசைமேல் வைத்துவிட்டு குமாஸ்தா பாச்சு விரல்களை நீவிக்கொண்டான். தலைமை குமாஸ்தா திருநாராயணாச்சாருக்கே பாவமாக இருந்தது. இருந்தாலும் பேனாவை எடுத்து, 'என்கொயர்' என்ற இங்கிலீஷ் சொல்லின் முதல் எழுத்தான 'ஈ'யை அடித்துவிட்டு 'ஐ' போட்டார்.

"சர்க்கார் விசாரிச்சா ஐ. ஆத்திலே சாம்பாருக்கு உப்பு போட்டாயான்னு கேட்டா ஈ. இதுகூட மாடியிலே இருக்கறவருக்குத் தெரியலை பாரும்."

மாடியில் இருந்தவர் சூப்பரிண்டெண்டு மாதப்பன். அவருக்கு ஈதான் இங்கிலீஷ். ஐ போடுகிறவன் அமெரிக்காக்காரன். அவர் ஐயை அடித்து ஈ போட்டுக் கீழே அனுப்ப, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பாச்சு புது நகல் எழுத வேண்டும்.

கடிதம் ஒரே வரி. ஸ்ரீரங்கப்பட்டணத்து ரயத்துக் குடியானவர்கள் அனுப்பிய புகாரை விசாரிக்கும்படி அவ்வூர்த் தாலுகா அதிகாரியான அமல்தாருக்கு. மனுவை வாங்கிக்கொள்ள யாரோ ஒரு குமாஸ்தா கூடைகூடையாகக் கத்தரிக்காய் கேட்டானாம். பின்னால் தைத்திருந்த நாலு பக்கப் புகாரைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. முதல் எழுத்துக்கே நாள் போதவில்லை.

வருகிற சனிக்கிழமை பாச்சுவுக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய நாள். அதற்குள் பேரில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் போச்சு. கனகலக்ஷ்மியையும் மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"ஓய் பாச்சு, பேசாம ஈன்னே இருக்கட்டுமா? உம்ம முகத்தைப் பார்க்கச் சகிக்கலை."

"வேண்டாம் ஸ்வாமி," பாச்சு பதறினான். "எனக்காக நீங்க விட்டுக்கொடுக்கறதா? மேலே அவர், 'ஆச்சாருக்குத் தெரிஞ்சது மேலுகோட்டைப் புளியோதரை, இங்கிலீஷ் இல்லை'ங்கறார்."

ஆச்சாரின் காது சிவந்தது. அப்புறம் இன்னும் நாலு நகல். சாமுண்டி மலைப் படிகளில் ஏறியிருந்தால் அந்தக் காகிதம் அம்மனைத் தினம் இரண்டு வேளை தரிசித்திருக்கும்.

சனிக்கிழமை வந்தது. இப்படியொரு பொறுமைசாலி சமஸ்தானத்திலேயே கிடையாது என்று ஆச்சார் சிபாரிசு எழுதினார். மாதப்பன் அதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்காமல் கையெழுத்திட்டார். இருவரும் ஒத்துப்போனது அந்த வருஷத்திலேயே அதுதான் முதல் தடவை. பாச்சுவின் வேலை நிரந்தரமாகிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் ஆச்சாருக்கு மனம் இளகியது. பதினேழாவது நகலில் ஈயை அப்படியே விட்டு ஒப்புதல் போட்டார்.

"தொலையட்டும், இன்னிக்கே தபால்ல சேர்த்துடும். ஆமா, கத்தரிக்காய் வாங்கின அந்தப் பேர்வழி யாரு ஓய்?"

பாச்சு நிரந்தர உத்தரவை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் பத்திரப்படுத்தினான்.

"நான்தான் ஸ்வாமி."