வெளிச்ச அறை

ஒஸ்லோவின் இருண்ட மாதங்களில் வயிற்றில் வளர்ந்து சித்திரையில் பிறக்கும் பிள்ளைகளைப் பின்னாளில் நரம்பு நோய் பிடித்துவிடுமோ என்று பயந்து, வீட்டுக்கு வீடு வெளிச்ச அறை வைத்திருந்தார்கள். கர்ப்பிணியின் தோலில் போதிய வெளிச்சம் ஏறாமல் அதன் கதவு திறக்காது.

காலையில் உள்ளே போன நிரோஜினி, மத்தியானமாகியும் வெளியே வர முடியாமல் கதவை ஓங்கித் தட்டினாள்.

“இஞ்சேருங்கோ, இது திறக்குதில்லை! எனக்கு மூச்சு முட்டுது!”

“உடம்பில ஏதும் பூசிப்போட்டோ உள்ளுக்குப் போனனீர்?” வெளியிலிருந்து கணவன் சேயோன் கேட்டான்.

“அம்மா அனுப்பின, வெளிச்சம் படாமத் தடுக்கிற கிரீம். கறுத்துப்போனா ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

இந்த அறைகள் வருவதற்கு முன், இதே ஒஸ்லோவில் சித்திரையில் பிறந்தவன் சேயோன். முப்பது வயதிலேயே அந்த நோய் கால்களைப் பிடித்துவிட்டது. கதவுக்கு அப்பால் ஊன்றுகோல் விழுந்தது. பிறகு அவன் தரையில் சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது.

நிரோஜினி தட்டுவதை நிறுத்தினாள். துவாயை எடுத்து, தோல் எரிய எரியக் கிரீமைத் துடைக்கத் தொடங்கினாள்.